நக்கிய தூக்கும் நாவல்பழமும்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது.

காட்டில் ஏது பூங்கா என்று கேட்காதீர்கள். வழுக்குப் பாறை இருக்கிறது, சறுக்கலாம். ஆலம் விழுது இருக்கிறது, ஊஞ்சலாடலாம். அருவி இருக்கிறது, நனையலாம். இவை எல்லாம் காடு உண்டான நாளிலிருந்தே அங்கே இருந்தன. யாரும் யாரையும் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஒரு கரடி வந்து நான்கு பக்கமும் மூங்கில் வேலி போட்டது, ஒரு வாசல் வைத்தது, ‘கரடியார் கேளிக்கைப் பூங்கா’ என்று பெரிய பலகை மாட்டியது. பூங்கா தயார். உள்ளே போக வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு கூடை பழம் தர வேண்டும் என்றும் அறிவித்துவிட்டது.

பெரிய பலகைக்குக் கீழே ஒரு சின்னப் பலகை தொங்கியது. ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை’ என்று அதில் எழுதியிருந்தது. நம் கதை அந்தச் சின்னப் பலகையைப் பற்றியதுதான்.

உள்ளே மூன்று கடைகள் இருந்தன. ஒன்றில் பஜ்ஜி, ஒன்றில் சுண்டல், ஒன்றில் கூழ். மூன்றும் கரடியின் கடைகள். பஜ்ஜி முந்தாநாள் எண்ணெயில் பொரிந்தது. சுண்டல் பல்லுக்கு அசையாது. கூழில் கூழைத் தேட வேண்டும். ஆனாலும் கூட்டம் நெரிந்தது, ஏனென்றால் பசித்தவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குச் சமைக்கிறவன் உப்பு பார்ப்பானா?

வேலிக்குள் முன்பு ஆறு நாவல் மரங்கள் நின்றன. மரத்தடியிலேயே வயிறு நிறைந்துவிட்டால் கடைக்கு யார் வருவார்கள் என்று யோசித்த கரடி, ஆறையும் அடியோடு வெட்டிவிட்டது. அந்தக் கரடியின் மேல் எனக்குத் தீராத கோபம் வந்தது அப்போதுதான்.

வாசலில் செம்பன் என்ற செந்நாய் காவல் நின்றது. செம்பன் கெட்டவன் இல்லை. சொன்னதைச் செய்யத் தெரியும், அவ்வளவுதான். வருகிறவர்களின் மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துப் பார்த்து, உள்ளே சோறு இருந்தால் வாங்கிப் பின்பக்கத்து அறையில் வைத்துவிடும். போகும்போது காலித் தூக்குப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும். சோறு எங்கே என்று யாராவது கேட்டால், குழி வெட்டிப் புதைத்தாயிற்று என்று சொல்லும். முதலாளி அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். செம்பனின் மனைவியும் தினமும் காலையில் அதற்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பும். செம்பன் வாசலுக்கு வந்ததும் பலகையைப் படிக்கும். பிறகு தன் தூக்கைத் தானே பிடுங்கி, அந்த அறையில் வைத்துவிட்டு, நாள் முழுக்கப் பட்டினி நிற்கும். மூன்று வருடமாக இப்படித்தான்.

அந்தக் காட்டில் வேலாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பிடிவாதக்காரி. அதற்கு ஒரே குட்டி, மின்னி. மின்னிக்குப் பிறந்ததிலிருந்தே வயிறு நோஞ்சான். கண்டதும் ஒத்துக்கொள்ளாது. வள்ளிக்கிழங்கைச் சுட்டு, தோலுரித்து, மசித்து, ஒரு சிட்டிகை மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தால் மட்டும் தங்கும்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் மின்னி பூங்காவுக்குப் போக ஆசைப்பட்டது. வேலாயி ஒரு கூடை பழமும், மூங்கில் தூக்கில் கிழங்கு மசியலுமாகப் புறப்பட்டது. வாசலில் செம்பன் தூக்கை வாங்கிக்கொண்டது. குட்டிக்கு வேறெதுவும் ஆகாது என்று வேலாயி எவ்வளவோ எடுத்துச் சொன்னது. செம்பன் பலகையைக் காட்டியது. உள்ளே ஆடுகிற குட்டிகளின் சத்தம் கேட்டு மின்னி துள்ளியது. சரி, ஒரு நாள்தானே என்று வேலாயியும் விட்டுக்கொடுத்தது.

மத்தியானம் பசி வந்தது. மின்னி அழுதது. வேறு வழியில்லாமல் வேலாயி ஒரு பஜ்ஜியை வாங்கி, மேல் மாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த வாழைக்காயை மட்டும் ஊட்டிவிட்டது.

அன்று சாயங்காலம் தொடங்கிய வாந்தி மூன்று நாள் நிற்கவில்லை. மின்னி துவண்டு கிடந்தது. கண்ணைத் திறக்கவில்லை. நான்காம் நாள் காலையில் அது தண்ணீர் கேட்டபோது வேலாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குட்டி பிழைத்த பிறகுதான் வேலாயிக்கு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மூலையில் கிடந்த தூக்கை எடுத்துக் கழுவப் போனது. கையை வைத்தது. அப்படியே நின்றுவிட்டது.

தூக்கு சுத்தமாக இருந்தது. அடியில் ஒரு பருக்கை இல்லை, ஓரத்தில் ஒரு மிளகுத் துணுக்கு இல்லை. ஆனால் உள்பக்கம் லேசாகப் பிசுபிசுத்தது. பிள்ளை பெற்று, தினமும் பாத்திரம் துலக்குகிற ஒருத்திக்குக் கழுவின பாத்திரம் எது, நக்கின பாத்திரம் எது என்று தெரியாமல் போகுமா?

‘என் குட்டிக்குக் கூடாதுன்னு வாங்கினதை எவனோ வழிச்சு நக்கியிருக்கான்’ என்று வேலாயி தனக்குள் சொல்லிக்கொண்டது. அதன் முதுகில் இருந்த முள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

முயலிடம் போய்க் கேட்டது. முயல் பயந்தாங்கொள்ளி. இரண்டு காதையும் தாழ்த்திக்கொண்டு, தன் தூக்கும் அப்படித்தான் வரும் என்றும், இதையெல்லாம் வெளியே பேசினால் வம்பு என்றும் சொன்னது. குரங்கிடம் கேட்டது. குரங்கு அவசரக்காரன். தன் வீட்டுத் தூக்கும் நக்கித்தான் வருகிறது, நேற்றே போய்ச் சண்டை போட நினைத்தேன், அதற்குள் ஒரு பலாப்பழத்தைப் பார்த்து மறந்துவிட்டேன் என்றது. மானைக் கேட்டாலும் அதே பதில், உடும்பைக் கேட்டாலும் அதே பதில்தான். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தார்கள்.

இப்படியே வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, ஆடி வந்தது.

ஆடியில் ஆற்றில் புதுவெள்ளம் வரும். பதினெட்டாம் நாள் எல்லோரும் ஆளுக்கொரு சோறு கட்டிக்கொண்டு போய், ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஒருவர் சோற்றை ஒருவர் மாற்றிச் சாப்பிடுவது அந்தக் காட்டின் வழக்கம். கரடி வேலி போட்ட பிறகு அந்தக் கரையும் வேலிக்குள் போய்விட்டது. மூன்று வருடமாக ஆடிப் பதினெட்டில் யாரும் கட்டுச்சோறு சாப்பிடவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு கரடியின் சுண்டலை மென்றார்கள்.

அந்த வருடம் கரடி ஒரு புதிய அறிவிப்பு வெளியிட்டது. ஆடிப் பதினெட்டு அன்று மத்தியானம் யானையம்மா பூங்காவுக்கு வருகிறது. மூன்று கடைகளிலும் சாப்பிட்டுப் பார்த்து, எது சிறந்த உணவு என்று தீர்ப்புச் சொல்லும். ‘இந்தப் பூங்காவின் சிறந்த உணவு இங்கே’ என்று கரடி ஏற்கெனவே பலகை செதுக்கி வைத்துவிட்டது. யானையம்மா தன் காலைச் செம்மண்ணில் தோய்த்து அதில் ஒரு முத்திரை பதித்து, எந்த இடத்தில் மாட்டுகிறதோ அதுதான் சிறந்த இடம்.

யானையம்மா லேசுப்பட்டதில்லை. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லும், இல்லாவிட்டால் எழுந்து போய்விடும். அது ஒன்றைச் சொல்லிவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் வரை நம்புவார்கள். கடைச் சாப்பாட்டைப் பற்றி முணுமுணுப்பு அதிகமாகிக்கொண்டே போனதால், யானை முத்திரை ஒன்று கிடைத்துவிட்டால் எல்லா வாயும் அடைத்துவிடும் என்பது கரடியின் கணக்கு.

வேலாயிக்கும் ஒரு யோசனை வந்தது. ஆடிப் பதினேழாம் நாள் அது வளை வளையாக, கிளை கிளையாக ஏறி இறங்கியது. எல்லோரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது. நாளைக்குக் கட்டுகிற சோற்றில், என்ன சோறாக இருந்தாலும் சரி, நாவல்பழத்தைப் பிசைந்து போடுங்கள். நன்றாகப் பழுத்ததாக, கறுத்ததாகப் பார்த்துப் போடுங்கள். ஆனால் நீங்களோ உங்கள் பிள்ளைகளோ நாளைச் சாயங்காலம் வரை ஒரு நாவல்பழம்கூட வாயில் வைக்கக் கூடாது.

முயலுக்கு நடுக்கம். “கொண்டுபோனாப் பிடுங்கிடுவாங்களே அக்கா. மறுபடியும் பயந்துக்கிட்டுக் கொடுக்கத்தானே போறோம்?”

“கொடுப்போம். ஆனா இந்தத் தடவை பயந்து கொடுக்கல. தெரிஞ்சே கொடுக்கிறோம்” என்றது வேலாயி.

“உன் தூக்குலயும் நாவல்பழமா?”

“என் தூக்குல மின்னியோட கிழங்குதான். ஆத்தங்கரையில உட்கார்ந்து அவ அதைச் சாப்பிடணும். அதுக்குத்தானே இவ்வளவும்.”

குரங்குக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. பழத்தைப் பிசையும்போது விரலில் ஒட்டுகிறதை நக்கலாமா என்று கேட்டது. கூடாது என்று வேலாயி அடித்துச் சொல்லிவிட்டது.

ஆடிப் பதினெட்டு விடிந்தது. பூங்கா வாசலில் அதுவரை இல்லாத வரிசை. ஆளுக்கொரு தூக்கு. செம்பன் ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்து வைத்து அதற்குக் கை ஓய்ந்துபோயிற்று. அறையில் தூக்கு கூரை வரை குவிந்தது. எல்லோரும் முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டுப் போனது செம்பனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக வேலாயி வந்தது. தன் முதுகிலிருந்து ஒரு நீளமான முள்ளைப் பிடுங்கி, செம்பன் கண் முன்னாலேயே தூக்கின் மூடியில் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்துப் பூட்டுப் போட்டது.

“தம்பி, இது என் குட்டியோட சாப்பாடு. இதைக் குழியில போடுறதா இருந்தா என் கண்ணு முன்னால போடு. இல்லேன்னா இது இப்படியே என் கைக்குத் திரும்பி வரணும்.”

“அக்கா, எனக்கு அதெல்லாம் தெரியாது. வாங்கச் சொல்லியிருக்காங்க, வாங்குறேன். குழி வெட்டுறது முதலாளி.”

“நீ அந்தக் குழியைப் பார்த்திருக்கியா?”

செம்பன் யோசித்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக யோசித்தது. பார்த்ததில்லை என்று சொல்லவும் பிடிக்கவில்லை, பார்த்தேன் என்று பொய் சொல்லவும் தெரியவில்லை. தூக்கை வாங்கி வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டது.

பத்து மணிக்கே மின்னிக்குப் பசித்துவிட்டது. மற்றக் குட்டிகள் பாறையில் சறுக்கின, மின்னி அடிவாரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அம்மா, கிழங்கு எப்போது வரும் என்று நான்கு முறை கேட்டது. வரும் வரும் என்று வேலாயி சொல்லிக்கொண்டே இருந்தது. உண்மையில் வருமா என்று அதற்கே தெரியாது. யோசனை பலிக்காவிட்டால் குட்டி சாயங்காலம் வரை பட்டினி கிடக்கும், அல்லது மறுபடியும் ஒரு பஜ்ஜி, மறுபடியும் படுக்கை.

உச்சி வெயிலில் யானையம்மா வந்தது. மேளதாளம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகப் பஜ்ஜிக் கடைக்கு நடந்தது. கூட்டம் முழுக்கப் பின்னால் போனது. யானையம்மா ஒரு பஜ்ஜியைத் தும்பிக்கையால் எடுத்து வாயில் போட்டது. மென்றது. இன்னொன்றைக் கேட்கவில்லை. சுண்டல் கடையில் ஒரு கை அள்ளியது. கடக் முடக் என்று சத்தம் கேட்டது. கூழ்க் கடையில் கொட்டாங்கச்சிக்குள் தும்பிக்கையை விட்டுச் சிறிது நேரம் துழாவிவிட்டு வெளியே எடுத்தது.

அப்போதுதான் கரடி பின்பக்கத்திலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தது. சாப்பாட்டு நேரம் அதற்கு ரொம்ப முக்கியம், யானை வந்தாலும் தள்ளிப்போடாது. வந்ததும் குனிந்து வணங்கி, மூன்றில் எதில் பலகை மாட்டலாம் என்று உதட்டைக் குவித்துக்கொண்டு பணிவாகக் கேட்டது.

யானையம்மா திரும்பிப் போகிற மாதிரி இருந்தது. கரடி பதறிவிட்டது. பெரியவங்க வாய்க்குப் பழக்கமில்லாத பக்குவம், அதனால் அப்படித் தோன்றுகிறது என்றது. தானே தினமும் இந்தக் கடைகளில்தான் சாப்பிடுவதாகவும், தன் உடம்பைப் பார்த்தாலே சாப்பாட்டின் தரம் தெரியுமே என்றும் சொன்னது. வெளிச்சோறு என்பது நோய், அதைத் தான் மோந்துகூடப் பார்ப்பதில்லை என்று சத்தியமும் செய்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலாயி முன்னால் வந்தது.

“முதலாளி, இன்னைக்கும் இந்தக் கடையிலதான் சாப்பிட்டீங்களா?”

“இன்னைக்கும்தான். ரெண்டு தட்டு பஜ்ஜி.”

“வேற எதுவும் தொடலையே?”

“தொடல.”

“அப்போ நாக்கை நீட்டுங்க.”

கரடி வாயை இறுக மூடிக்கொண்டது. பிறகு பல்லைக் கடித்தபடியே, ஒரு முதலாளியைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது என்று உறுமியது. வேலாயி நகரவில்லை. கரடி மெல்ல அதன் பக்கம் குனிந்து, காதோடு காதாக ஏதோ சொன்னது.

வேலாயி திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது. “என் குட்டியோட தூக்கை மட்டும் நாளையிலிருந்து உள்ள விடுறாராம். நான் பேசாம இருக்கணுமாம். எனக்கு மட்டும்னா எனக்கு வேண்டாம் முதலாளி. நாக்கை நீட்டுங்க.”

அப்போது ஒரு காரியம் நடந்தது. வேலாயியும் அதை எதிர்பார்க்கவில்லை. பாறை அடிவாரத்தில் உட்கார்ந்திருந்த மின்னி எழுந்து வந்து, அம்மாவின் பக்கத்தில் நின்று, கரடியைப் பார்த்துத் தன் நாக்கை நீளமாக நீட்டியது. சிவந்த, சின்ன நாக்கு.

அதைப் பார்த்து முயல் குட்டிகள் நாக்கை நீட்டின. மான் குட்டிகள் நீட்டின. பிறகு பெரியவர்களும் நீட்டினார்கள். ஜென்மத்தில் யாரையும் எதிர்த்துப் பேசாத முயல்கூடக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கை நீட்டியது. கேளிக்கைப் பூங்கா முழுவதும், ஆற்றங்கரையிலிருந்து வேலி வரை, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. எல்லா நாக்கும் சிவப்பு. குரங்கின் நாக்கில் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் ஊதா இருந்தது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கரடிக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருடமாகக் கும்பிடு போட்டவர்கள் முகத்துக்கு நேரே நாக்கை நீட்டினால் எந்த முதலாளிக்குத்தான் பொறுக்கும்? வாயை அகலமாகத் திறந்து, “எல்லாரும் வெளிய போங்க” என்று கத்தியது.

திறந்த வாய்க்குள் நாக்கு தெரிந்தது. அடியிலிருந்து நுனி வரை, மை குடித்த மாதிரி, கறுப்பேறிய ஊதாவாக இருந்தது. பல் ஈறெல்லாம் அதே நிறம்.

கரடி கையால் வாயைப் பொத்தியது. நேரம் கடந்துவிட்டது. முதலில் குட்டிகள் சிரித்தன, பிறகு காடே சிரித்தது.

யானையம்மா சிரிக்கவில்லை. “வேலிக்குள்ள நாவல் மரம் இருக்கா?” என்று கேட்டது.

“ஆறு இருந்துச்சு. அவரே வெட்டிட்டார்” என்றது உடும்பு.

“கடையில நாவல்பழம் விக்குதா?”

இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். யானையம்மா வாசல் பக்கம் திரும்பி, இன்று வெளியிலிருந்து நாவல்பழம் ஏதாவது உள்ளே வந்ததா என்று காவல்காரனை விசாரித்தது. செம்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வந்த கூடைகளில் ஒரு நாவல்பழமும் இல்லை, தூக்குகளைத் தவிர வேறொன்றையும் தான் திறக்காமல் விடவில்லை, தூக்குகளைத் திறப்பது முதலாளியின் வேலை என்று வரிசையாகச் சொன்னது. சொல்லிக்கொண்டே வந்தது சட்டென்று நின்றது.

“முதலாளி, அப்போ என் தூக்கு?”

கரடி மெல்லப் பின்வாங்கியது.

செம்பன் பின்பக்கத்து அறைக்கு ஓடியது. குழி எதுவும் இல்லை. தூக்குகள்தான் இருந்தன. பாதிக்கு மேல் மூடி திறந்து, உள்ளே பளபளவென்று நக்கி வைத்திருந்தது. அவற்றில் மேலாகக் கிடந்தது செம்பனுடையது. அதன் மனைவி விடியலில் எழுந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வேகவைத்த சோறு. செம்பன் அந்தக் காலித் தூக்கை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தது. தன் வீட்டுச் சோற்றின் வாசனை எப்படி இருக்கும் என்று அதற்கு மறந்தே போயிருந்தது.

வெளியே வந்தபோது அது பழைய செம்பன் இல்லை. “மூணு வருஷம் முதலாளி. என் சோத்தை நானே பிடுங்கி உங்களுக்கு வெச்சிருக்கேன். நீங்க சாப்பிட்டுட்டுப் புதைச்சேன்னு சொல்லியிருக்கீங்க” என்றது. அது உறுமவில்லை, பாயவும் இல்லை. கரடி அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டது.

பிறகு செம்பன் அறையிலிருந்து மீதித் தூக்குகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தது. எவ்வளவு பெரிய வயிறானாலும் ஒரு காட்டின் சோற்றை ஒரு வேளையில் தின்றுவிட முடியாது. கரடி தொடாத தூக்குகள் நிறைய இருந்தன. ஆனால் வேலாயியின் தூக்கு அவற்றில் இல்லை. வேலாயி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. மின்னி அதன் முள்ளைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கடைசியில், குவியலுக்குப் பின்னால் வீசிக் கிடந்த ஒரு மூங்கில் தூக்கைச் செம்பன் எடுத்துவந்தது. மூடியில் முள் குத்தினபடியே இருந்தது. மூடியைச் சுற்றி நான்கைந்து நகக் கீறல்கள், ஒரு சொட்டு இரத்தம். யாரோ திறக்கப் பார்த்து, முள் ஏறி, கைவிட்டிருக்கிறார்கள். கரடி தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

யானையம்மா தீர்ப்புச் சொல்ல முன்னால் வந்தது.

“மூணு கடையும் இவரோடது. மூணுல ஒண்ணுலயும் இவர் சாப்பிடல. இந்தப் பூங்காவுல எது நல்ல சாப்பாடுன்னு என்னைவிட இவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. மூணு வருஷமா ருசி பார்த்திருக்கார். நான் தனியா வேற சொல்லணுமா?”

சொல்லிவிட்டுக் காலைச் செம்மண்ணில் தோய்த்துப் பலகையில் முத்திரை பதித்தது. பலகையைத் தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தது. அங்கே தொங்கிய ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை’ என்ற சின்னப் பலகையைக் கழற்றியது. செம்பன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டது. இரண்டாக ஒடித்து அடுப்பு விறகோடு போட்டுவிட்டு வந்தது. பழைய பலகை தொங்கிய அதே முளையில், ‘இந்தப் பூங்காவின் சிறந்த உணவு இங்கே’ என்ற பலகையை யானையம்மா மாட்டியது. அன்றிலிருந்து யார் தூக்கோடு வாசலில் வந்து நின்றாலும் அந்தப் பலகை அவர்கள் தலைக்கு நேர் மேலே இருக்கிறது.

ஆற்றங்கரையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இருந்த தூக்குகளைத் திறந்து, இல்லாதவர்களுக்குப் பங்கு வைத்தார்கள். தினைச்சோறும், சாமைச்சோறும், தேனும் நாவல்பழமும் பிசைந்த சோறும் கைமாறின. கொஞ்ச நேரத்தில் மின்னியுடையதைத் தவிர ஒரு சிவப்பு நாக்குகூட மிச்சமில்லை. செம்பனுக்கு ஐந்து பேர் ஐந்து பக்கத்திலிருந்தும் பரிமாறினார்கள். அது தலையைத் தூக்காமல் ரொம்ப நேரம் சாப்பிட்டது.

வேலாயி முள்ளை உருவித் தன் தூக்கைத் திறந்தது. மின்னி ஒரு கவளம் வாங்கியது, இரண்டு கவளம் வாங்கியது. வாய் நிறையக் கிழங்கோடு, பாறையில் போய்ச் சறுக்கலாமா என்று கேட்டது. சாப்பிட்டு முடித்துவிட்டுப் போ என்று வேலாயி சொன்னது. அடுத்த கவளத்தை உருட்டி நீட்டியது.

எல்லோரும் பாதி சாப்பிட்டிருந்தபோது கரடி வந்து கொஞ்ச தூரத்தில் நின்றது. பழக்கம் விடுமா? மூக்கு அதை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. கையில் ஒரு வெறும் இலை வைத்திருந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவும் இல்லை.

வேலாயி நிமிர்ந்து பார்த்தது. “பசிக்குதா முதலாளி?”

கரடி தலையை ஆட்டியது.

“அப்போ வாயைத் திறந்து கேளுங்க. கேட்டிருந்தா என்னைக்கோ கொடுத்திருப்போம். வரிசையில கடைசியா உட்காருங்க.”

கரடி கேட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டது. பிறகு வரிசையின் கடைசியில், முயலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. முயல் இம்மியும் நகரவில்லை.

நீதி: உனக்குக் கூடாது என்று ஒருவன் உன்னிடமிருந்து பறித்தால், பறித்தது எங்கே போகிறது என்று அவன் முகத்துக்கு நேரே கேள்.